மஃபாத்துக்கு ரோடு வேண்டுமா?

ரெயுனியோன் தீவைப் பற்றி நான் அவ்வப்போது இங்கே எழுதுவதைப் படிக்கும் அன்பர்கள் சிலர், "அங்கே போனால் என்ன பார்ப்பது? மாலத்தீவு மாதிரி கடலில் குளிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். (ஆங்கிலப் பத்திரிகைகளும் அதைப் பார்த்துத் தமிழ்ப் பத்திரிகைகளும் ரீயூனியன் என்று எழுதுகின்றன. பிரெஞ்சில் படித்த எங்கள் நாக்குக்கு ரெயுனியோன்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கடல் குளியல் அங்கே கொஞ்சம் கஷ்டம். 2011 முதல் சுறா மீன்கள் அடுத்தடுத்து ஆட்களைத் தாக்கி உயிர்ச்சேதம் ஆனதால், பவளத்திட்டுக்கு உள்பக்கமும் காவல் போட்ட சில இடங்களும் தவிர மற்ற இடங்களில் இறங்கக் கூடாது என்று 2013-இல் பிரெபே உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு மலைக்குப் போகிறார்கள். எனக்குச் சொல்ல விஷயம் இருப்பதும் மலையைப் பற்றித்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தீவு அந்நியம் இல்லை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களின் வம்சம் அங்கே இன்றும் மலபார் என்ற பெயரில் இருக்கிறது. 1860-இல் ஆங்கிலேயர்களோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள். ஆட்களை நடத்திய விதம் சரியில்லை என்று ஆங்கிலேய அரசாங்கம் 1882-இல் நிறுத்திவிட்டது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. ஆனால் கறிவேப்பிலைக்கு கலுபிலே என்றும் கொத்தமல்லிக்கு கொத்தோமிலி என்றும் பீர்க்கங்காய்க்கு பிப்பங்காய் என்றும் சந்தையில் கேட்டால் நமக்குச் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும். என் தங்கை மகன் சென்தெனியில் வேலையாக இருப்பதால் எனக்கு இரண்டு முறை போகக் கிடைத்தது. இரண்டாம் முறை போனபோது எனக்கு வயது 67. அப்போதுதான் மஃபாத்துக்கு நடந்தேன்.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் நான்கையும் சேர்த்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். நடுவில் பிதோன் தெ நேழ் என்ற மலை, 3,070 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட நானூறு மீட்டருக்கு மேல் அதிகம். அந்தப் பழைய எரிமலை இடிந்து அரித்து அதைச் சுற்றி மூன்று பெரிய பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன. சலாசி, சிலாவோஸ், மஃபாத். முதல் இரண்டுக்கும் வளைந்து வளைந்து ரோடு போகிறது. மஃபாத்துக்கு ரோடே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அங்கே எழுநூறு எண்ணூறு பேர் வாழ்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். லா நுவேல், மர்லா, ஓரேர், ரோஷ் பிளாத் என்று பத்துப் பன்னிரண்டு சிற்றூர்கள். அவற்றுக்கு இலே என்று பெயர், அதாவது குட்டித் தீவு. சுற்றிலும் தண்ணீர் இல்லை, சுற்றிலும் பாதாளம். பெயர் பொருத்தம்தான்.

மஃபாத் என்பது ஒரு மனிதனின் பெயர். எஜமானிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகளை அங்கே மரோன் என்பார்கள். அவர்களுக்குத் தலைவனாக அந்தப் பள்ளத்தில் ஒளிந்திருந்தவன் மஃபாத். பதினெட்டாம் நூற்றாண்டில் முசார் என்ற அடிமை வேட்டைக்காரன் ஆட்களோடு போய் அவனைக் கொன்றான். அடிமை முறை 1848 டிசம்பர் 20-ஆம் தேதி ஒழிந்தது. பிற்பாடு நிலம் இல்லாத ஏழை வெள்ளைக்காரர்களும் விடுதலையான கறுப்பர்களும் அந்த மேட்டு நிலத்தில் ஏறிப் போய்ப் பயிர் வைத்துப் பிழைத்தார்கள். ஒருவரும் விரும்பாத இடத்தில் ஒருவருக்கும் வேண்டாதவர்கள் குடியேறிய கதை. இன்றைக்கு அதே இடத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து விமானம் பிடித்து வருகிறார்கள். 2007-இல் தீவில் நூற்றுக்கு 42 பங்கு நிலம் தேசியப் பூங்கா ஆனது. 2010-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

நான் போனது கோல் தே பெஃப் என்ற கணவாய் வழி. அதற்குச் சற்று முன்பு வரை கார் போகும். அங்கிருந்து மரக்கட்டை அடுக்கிய படிகளில் இறங்கி, தமரேன் மரங்கள் நிற்கும் ஒரு சமவெளியைக் கடந்து லா நுவேல் போய்ச் சேர வாலிபர்களுக்கு இரண்டு மணி நேரம். எனக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். தமரேன் என்றால் நம்மவர்கள் புளிய மரம் என்று நினைப்பார்கள். அது புளி இல்லை, கருவேல மர வகையைச் சேர்ந்தது. பாசி தொங்கும் கோணல் மாணலான மரங்கள் பனிமூட்டத்தில் நிற்பது பார்க்க வேண்டிய காட்சி.

லா நுவேலில் ஒரு ஜீத்தில் தங்கினோம். ஜீத் என்றால் நடைப் பயணிகளுக்குக் குடும்பத்தார் நடத்தும் விடுதி. ஓர் அறையில் ஆறு கட்டில். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. ராத்திரி ஏழு மணிக்கு எல்லோரையும் ஒரே நீள மேஜையில் உட்கார வைத்து வீட்டுக்கார அம்மாள் சோறு, கோழிக் கறி, அவித்த பருப்பு, ருகாய் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். (ருகாய் என்பது நம் ஊறுகாய்தான் என்று சொல்கிறார்கள். தின்றால் நம் தக்காளி துவையலுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது.) சோறு, பருப்பு, காஸ் சிலிண்டர் எல்லாம் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. குப்பையும் அதிலேயே வெளியே போகிறது. அரிசி மூட்டை ஆகாய மார்க்கமாக வருகிற ஊரில் ஒருவன் வயிறு நிறையச் சாப்பிட்டால் அதற்கு என்ன விலை சொன்னாலும் தகும்.

இப்போது ஊருக்கு ஊர் "சமூகம் சார்ந்த சூழல் சுற்றுலா" என்று பலகை வைக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீஸில் பைல் பார்த்தவன் நான். எனக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான். ரசீது யார் பெயரில் போடுகிறார்கள்? பட்டணத்துக் கம்பெனி பெயரில் ரசீது போட்டு, ஊர்க்காரரைப் படகு தள்ளவும் தட்டு கழுவவும் வைத்துக்கொண்டால் அதற்குச் சமூகம் என்ற சொல் எதற்கு? மஃபாத்தில் ரசீது அந்த அம்மாள் பெயரில் இருந்தது. சமைத்தவர் அவர், கட்டில் விரித்தது அவர் மகள், மறுநாள் வழிகாட்டியது மகளின் கணவர். பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருப்பவரும் அந்த ஊர்க்காரர்தான். நான் கொடுத்த ஈரோ அந்த மலைக்குள்ளேயே நாலு வீடு சுற்றியிருக்கும்.

இது நல்ல மனதால் மட்டும் நடந்ததில்லை. ரோடு இல்லாததால் நடந்தது. நடந்து வருகிறவனுக்கு அன்று சாயங்காலமே திரும்புவது சிரமம். பலர் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ரோடு போட்டால் காலையில் ஐம்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கி, போட்டோ எடுத்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் தின்று, காகிதத்தைப் போட்டுவிட்டு மாலை ஐந்துக்குத் திரும்பிவிடுவார்கள். சனி ஞாயிறு நம் கடற்கரை வீதியில் நடந்து பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலைமேல் ஜீத் நடத்தும் இடத்தில் பெரிய ஓட்டல் வரும். அம்மாளின் மகள் அதில் சம்பளத்துக்குப் போவாள்.

ஆகவே ரோடு கூடாது என்பது என் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கை மகன் அந்தக் கட்சி. "மாமா, அந்த அமைதிக்காகத்தானே போகிறோம்" என்றான். நான் சொன்னேன்: தம்பி, நீ இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறாய். அங்கே இருக்கிற எழுபது வயதுக் கிழவிக்கு மூட்டு வலி வந்தால் கணவாய் ஏற வேண்டும். பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியை ஊரில் முடித்துவிட்டு, பதினோரு வயதில் கீழே கடலோரத்துக்குப் போய்த் தாய் தகப்பனைப் பிரிந்து படிக்க வேண்டும். அடுத்தவன் கஷ்டத்தை நமக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகப் பாதுகாக்கச் சொல்ல நாம் யார்? அவன் பதில் சொல்லவில்லை. இளைஞர்கள் போனைப் பார்க்கத் தொடங்கினால் வாதம் முடிந்தது என்று பொருள்.

இவ்ரேன் போசே என்று ஒரு தபால்காரர் இருந்தார். 1951 முதல் 1991 வரை நாற்பது வருஷம் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மஃபாத் முழுவதும் நடந்தே தபால் கொடுத்தார். தீவு முழுக்க அவர் பெயர் தெரியும். அரசாங்க ஊழியன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் அவர் நடந்ததை வீரமாகப் பாடும்போது, அந்த நாற்பது வருஷமும் அரசாங்கம் அங்கே வேறு என்ன செய்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

என் அபிப்பிராயத்தில் ரோடு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி நிலம். சாப்பாடு முடிந்து அந்த அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தபோது (அவர் கிரெயோலில் பேச, நான் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் பேச, பாதி புரிந்தது) இது எத்தனை தலைமுறை நிலம் என்று கேட்டேன். "வீடு எங்களுடையது. நிலம் எங்களுடையது இல்லை" என்றார். விசாரித்தால் அப்படித்தான். நிலம் தெபார்த்மானுக்குச் சொந்தம், நிர்வாகம் வனத்துறை கையில். குடியிருப்பவர்கள் அனுமதிச் சீட்டின் பேரில் வாடகை கட்டி இருக்கிறார்கள். பட்டா கிடையாது. தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் ஓர் அறை கூட்டிக் கட்டவும் கேட்க வேண்டும். மகனுக்கோ மகளுக்கோ தனியாக இடம் வேண்டும் என்றாலும் கேட்க வேண்டும்.

வருவாய்த்துறைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவன் பாங்கில் கடன் கேட்டால் என்ன ஆகும்? சுற்றுலா இலாகா அச்சடிக்கும் புத்தகத்தில் அந்தக் குடும்பத்தின் சிரித்த முகம் இருக்கும், சிட்டாவில் பெயர் இருக்காது. காட்டை விற்கும் உரிமை வேண்டாம், நானே எதிர்ப்பேன். விற்கும் உரிமை கொடுத்தால் பணக்காரன் பத்து வருஷத்தில் மொத்தத்தையும் வாங்கிவிடுவான். விற்க முடியாத, ஆனால் பிள்ளைகளுக்குத் தானாகப் போய்ச் சேரும் நீண்டகாலக் குத்தகையை எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான் செலவு. அது கையில் வந்த பிறகு, ரோடு வேண்டுமா வேண்டாமா என்று அந்த எழுநூறு எண்ணூறு பேரையே ஓட்டுப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ரோடு போட்டால் நிலம் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் லாபம். போடாவிட்டாலும் சிரமம் இவர்களுக்குத்தான்.

ஹெலிகாப்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நர்ஸ் வருவதும் அரிசி வருவதும் ஒன்று. ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்க்க வருஷம் முழுக்க உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தலைக்கு மேல் வட்டம் அடிப்பது வேறு. நான் இருந்த காலையில் ஆறரை மணியிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வந்தபடி இருந்தது. அந்தப் பயணி கீழே இறங்குவதில்லை, ஒரு காபிகூடக் குடிப்பதில்லை. சத்தம் மட்டும் ஊர்க்காரர்களுக்கு. அதற்கு நேரக் கட்டுப்பாடும் ஒரு வரியும் போட்டு, வரும் பணத்தில் பாதை பராமரிப்புக்கு ஊர் இளைஞர்களை வைக்கலாம்.

அக்டோபர் மாதத்தில் தீவைக் குறுக்கே கடக்கும் ஓட்டப் பந்தயம் ஒன்று நடக்கிறது. பைத்தியக்காரர்களின் குறுக்குவழி என்று அதற்குச் செல்லப் பெயர். 160 கிலோமீட்டருக்கு மேல், மஃபாத் வழியாகவும் போகும். பேரன்மார் யாராவது ஓடப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்.

நாம் நடக்கிற வேகத்தில் போக நினைப்பவர்கள் மே முதல் நவம்பருக்குள் போங்கள். மஃபாத்தில் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது, ஈரோ நோட்டாகக் கையில் இருக்க வேண்டும். ராத்திரி நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் தேவை. ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு நம் ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டித் தெருவெல்லாம் படகு போனதே, அந்தத் தீவின் மலைமேல் 1966 ஜனவரியில் ஒரே நாளில் பெய்தது 182 சென்டிமீட்டர். அந்த மாதங்களில் புயல் வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறவர்கள் மைதோ என்ற முனைக்குக் காரிலேயே போய், 2,200 மீட்டர் உயரத்திலிருந்து மஃபாத் முழுவதையும் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு மேகம் ஏறி மூடிவிடும்.

ஜீத் முன்பதிவைப் பற்றி யாருக்காவது விவரம் வேண்டுமானால் எழுதுங்கள், தங்கை மகனைக் கேட்டுச் சொல்கிறேன்.