ஒஷின் பொறுமைசாலியா?

எங்கள் வீட்டில் யார் அழுதாலும் உம்மம்மா சொல்லும் ஆறுதல் ஒன்றுதான். "ஒஷினை நினைச்சுப் பாரு, அவள் எவ்வளவு பொறுத்தாள்!" பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் ஒஷின், பல்வலி என்றாலும் ஒஷின். சிறுவயதில் ஒஷின் என்பவர் எங்கள் தூரத்து உறவுக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

ஒஷின், ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகி. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் தொடக்கம் 1984 மார்ச் வரை, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் வீதம் 297 பகுதிகளாக அதை ஒளிபரப்பியது. எழுதியவர் சுகாகோ ஹாஷிடா என்ற பெண்மணி. பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. நமது ரூபவாஹினிக்கும் வந்தது. அப்போது எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில்தான் ரீவி இருந்ததாம். பெண்களெல்லாம் அடுப்பு வேலையை முடித்துவிட்டு அங்கே போய்ப் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். வசனம் முழுவதும் விளங்காவிட்டாலும் அழுகை விளங்கியது என்கிறார் உம்மம்மா.

போன வருடம் எங்கள் உறவில் ஒரு ராத்தா, கணவன் வீட்டில் இருக்க முடியாமல் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு காயம் இருந்தது. பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். அங்கேயும் ஒஷின் வந்தாள். "அவளுக்கு வந்த கஷ்டமா உனக்கு வந்திட்டு?" நான்காம் நாள் ராத்தா திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த ஒஷினை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உயர்தரப் பாடங்களைப் படிக்க வேண்டிய நேரத்தில் இணையத்தில் நாடகம் பார்த்ததற்காக உம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

கதை ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் தொடங்குகிறது. வீட்டில் வாய்கள் அதிகம், அரிசி குறைவு. ஏழு வயது ஒஷினை ஒரு மூட்டை அரிசிக்காக ஒரு வருடம் மர வியாபாரி வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி மூடிய ஆற்றில் ஓடம் அவளைக் கொண்டு போகிறது. அந்தப் பகுதியை நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அழுதேன். அங்கே குழந்தை ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்கிறாள். எல்லாவற்றையும் பொறுக்கிறாள். உம்மம்மா சொன்னது இதுவரை சரி.

ஆனால் ஒருநாள் வீட்டில் ஐம்பது சென் நாணயம் காணாமல் போகிறது. ஒஷினிடம் இருப்பதோ அவளுடைய பாட்டி கொடுத்த நாணயம். அதைப் பறித்துக்கொண்டு, அவளைக் கள்ளி என்கிறார்கள். ஒஷின் என்ன செய்கிறாள்? பொறுக்கவில்லை. பனிப்புயலில் அந்த வீட்டை விட்டு ஓடுகிறாள். மலையில் மயங்கி விழுந்தவளை, போரை வெறுத்துப் படையை விட்டு ஓடி ஒளிந்திருந்த ஒருவன் காப்பாற்றுகிறான். அவளுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக் கொடுப்பவன் அவன்தான்.

பெரியவளானதும் தகப்பன் பார்த்த வேலை கூடாத இடம் என்று தெரிய வருகிறது. டோக்கியோவுக்குப் போய்த் தலை அலங்காரத் தொழில் பழகுகிறாள். 1923 நிலநடுக்கத்தில் எல்லாம் அழிந்த பின், கணவனின் ஊரான சாகாவுக்குப் போகிறாள். அங்கே மாமியாரின் கொடுமை. கை சரியாக இயங்காமல் போகிறது. ஒரு குழந்தை இறந்தே பிறக்கிறது. அதன் பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பின்னர் மீன் விற்றுப் பிழைக்கிறாள். கணவனும் அவளிடம் வந்து சேர்கிறான்.

மூன்று இடத்திலும் அவள் போய்விடுகிறாள்! கதையைத் திருப்பியது அவளுடைய கண்ணீர் அல்ல, அவளுடைய கால்கள். ஆனால் எங்கள் ஊர் ஞாபகத்தில் கண்ணீர் மட்டும்தான் தங்கியிருக்கிறது. கொடுமைப்படுத்திய மாமியாரை யாரும் உதாரணம் காட்டி, "அப்படி இருக்காதே" என்று எந்த மாமியாருக்கும் சொன்னதை நான் கேட்டதில்லை.

ஸப்ர் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பசியை ஒஷின் பொறுத்தாள், குளிரைப் பொறுத்தாள், உழைப்பைப் பொறுத்தாள். ஆனால் அநியாயத்தைப் பொறுப்பதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்பதுதான் என் கேள்வி. இன்றைய மெகா தொடர்களில் நாயகி ஒரே வீட்டுக்குள் ஆயிரம் நாள் அழுகிறாள். அரிசி என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒஷினில் ஒவ்வொரு காசும் எண்ணப்படுகிறது. (கடைசிப் பகுதிகளில் வரும் சுப்பர் மார்க்கெட் விவகாரங்கள் எனக்கு அலுப்புத் தட்டின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பார்த்து முடித்த அன்று மஃரிபுக்குப் பிறகு உம்மம்மாவிடம் போனேன்.

"உம்மம்மா, ஒஷின் மாமியார் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போனாளே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓம்... மகனையும் கூட்டிக்கொண்டு போனாள்தானே" என்றார். பிறகு சிரித்தார். "அண்டைக்குப் பாயில இருந்த நாங்க அத்தனை பேரும் கை தட்டினோம், மகள்."