இறுதியாண்டை ஆலைக்கு அனுப்புங்கள்

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் பொறியியல் மாணவர்களைச் சுற்றி ஒரு சிறு வணிகம் சூடுபிடிக்கும். பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப், முத்திரையிட்ட சான்றிதழ், கட்டணம் சில ஆயிரம். வேலை செய்பவர் சம்பளம் வாங்குவதுதான் உலக வழக்கம். இங்கே வேலை பழகப் போகிறவர் பணம் கட்டுகிறார். பல இடங்களில் அவர் பார்ப்பதும் இன்னொரு வகுப்பறையைத்தான். இறுதியாண்டு வந்தால் ப்ராஜெக்ட் சென்டர்களின் காலம். தலைப்பு, மாதிரிக் கருவி, பைண்டிங் செய்த அறிக்கை, வைவாவில் கேட்கப்படும் கேள்விக்கான விடை எல்லாமே அங்கே விலைக்குக் கிடைக்கும். இந்த இரண்டு செலவையும் விட்டொழித்து, இறுதியாண்டின் பெரும்பகுதியை உதவித்தொகையுடன் கூடிய சட்டப்படியான தொழிற்பழகுநர் பயிற்சியாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு ஐந்தாம் ஆண்டும் தேவையில்லை, புதிய சட்டமும் தேவையில்லை.

கல்லூரிப் பணிமனையில் நடப்பதைப் பாருங்கள். வாரத்தில் ஒரு மதியம் மூன்று மணி நேரம். ஒரு லேத்தைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒருவர் கடைய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். டேப்பர் டர்னிங்கில் அளவு தவறினால் இன்னொரு இரும்புத் துண்டு கிடைக்கும். ரெக்கார்டு நோட்டில் எப்போதும் சரியான அளவே ஏறும். அதே மாணவர் குறிச்சி சிட்கோவிலோ அம்பத்தூரிலோ ஒரு பட்டறையில் நிற்கும்போது நிலைமை வேறு. சிஎன்சி இயந்திரத்திலிருந்து வரும் முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அடுத்தது ஓடும். அனுமதித்த அளவைத் தாண்டி விட்டம் பத்து மைக்ரான் கூடினாலும் அது ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் போய்விடும். ஏன் போனது என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். டூல் தேய்ந்துவிட்டதா, ஆஃப்செட்டை மாற்றியது யார், வரைபடத்தில் டாலரன்ஸை அவ்வளவு இறுக்கமாகக் கேட்டது அவசியம்தானா? கடைசிக் கேள்விதான் பொறியாளருடைய கேள்வி. டாலரன்ஸை இறுக்க இறுக்கச் செலவு ஏறும் என்பது பாடநூலிலும் இருக்கிறது. ஐடிஐ முடித்து இருபது ஆண்டாக அந்த இயந்திரத்தோடு வாழும் ஆபரேட்டர் அதை முகத்துக்கு நேராகச் சொல்லும்போதுதான் உறைக்கிறது. பதினைந்து நாளில் இது நடக்காது. முதல் மாதம் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருப்பவரை நம்பி ஒரு வேலையைக் கொடுக்கவே மூன்று, நான்கு மாதம் ஆகும்.

இது யாருக்கும் தோன்றாத புதுமை அல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் வகுப்பும் ஆலையும் மாறி மாறி வரும் படிப்பைத் தொடங்கினார். பிட்ஸ் பிலானியின் பிராக்டிஸ் ஸ்கூல் 1973 முதல் நடக்கிறது. அதன் இரண்டாம் கட்டத்தில் மாணவர் ஐந்தரை மாதம் நிறுவனத்தில் இருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிலகம் 1926-இல் வந்தது, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் வந்தது. ஆலை மூத்தது, கல்லூரி இளையது. ஐந்து ஆண்டு சாண்ட்விச் பி.இ. அங்கே வேர்பிடித்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டு பாலிடெக்னிக்குகளிலும் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோ உண்டு. டிப்ளமோ மாணவருக்கு நல்லதென்று ஒப்புக்கொண்ட ஒன்று, சாதாரண நான்காண்டு பி.இ. மாணவருக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

நேரமில்லை என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் முழுவதும் ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதாவது ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகும் காலம் ஆலைக்குப் போகக்கூடிய காலம்தான். அதற்கு முந்தைய கோடையையும், ஏழாம் செமஸ்டரின் விருப்பப்பாடங்களில் சிலவற்றையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது மாதம் தேறும். சட்டமும் தயாராக இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2019 விதிகள் ஒருபடி மேலே போய், படிப்பின் ஓர் அங்கமாகவே பயிற்சி பெறுகிறவரையும் பழகுநராக ஏற்றன. அந்த விதிகள் அவருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். கல்லூரிகள் இந்தக் கதவைத் தட்டாமல், சான்றிதழ் விற்பவர்களின் கடைவாசலில் மாணவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

ஓராண்டுப் பயிற்சியை இளைஞர்களே விரும்பவில்லை என்பதற்குப் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சிலர் சான்றாகக் காட்டக்கூடும். 2024 அக்டோபரில் தொடங்கிய அதன் முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. சேர்ந்தவர்கள் 9 ஆயிரத்தை எட்டவில்லை. தூரமும் பன்னிரண்டு மாத நீளமும் காரணங்கள் என்று அரசே சொன்னது. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சுற்று முழுநேரப் படிப்பில் இருந்தவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையிடம் மாதம் 5,000 ரூபாய்க்கு ஓராண்டு வா என்றால், அவருக்கு அது வேலையைத் தள்ளிப்போடும் ஆண்டு. இறுதியாண்டு மாணவருக்கு அந்தக் காலம் எப்படியும் செலவாகப் போகிற காலம். நாள் இழப்பு இல்லை. பண இழப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ள கல்லூரிகளின் கையில் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் மாணவர் முழுக்க நிறுவனத்தில் கழிக்கும் ஆண்டுக்குக் கட்டண உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் பல்கலைக்கழகம் வாங்க முடியாது. வகுப்பே நடக்காத செமஸ்டருக்கு நம் கல்லூரிகள் முழுக் கட்டணம் வசூலிப்பதைக் கட்டண நிர்ணயக் குழு ஒருமுறை கேள்வி கேட்கலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், ஆலைகள் மாணவர்களை மலிவு ஆட்களாக வைத்துக்கொள்ளும் என்பது. பயம் நியாயமானது. பழகுநர் தொழிலாளி அல்ல என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அதே சட்டம் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு, சுகாதார விதிகளை அவருக்கும் பொருத்துகிறது. பணியிடத்தில் அடிபட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. சான்றிதழ் இன்டர்ன்ஷிப்பில் விரல் போனால் கேட்க நாதி கிடையாது. ஆகவே சுரண்டல் பயம் இருப்பவர்கள்தான் மாணவரைப் பதிவுபெற்ற ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முதலில் குரல் கொடுக்க வேண்டும். மாணவிகளின் தங்குமிடம் உண்மையான சிக்கல். 9,000 ரூபாயில் ஒரகடத்தில் அறை எடுத்து, சாப்பிட்டு, மிச்சம் பிடிப்பது ஆகாத காரியம். ஆனால் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியிருக்கிறது. அரசின் தோழி விடுதிகளும் பெருகுகின்றன. அவற்றில் பயிற்சி மாணவிகளுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது கட்டுமானச் செலவில்லாத முடிவு.

மென்பொருள் துறைக்கு இந்த வாதமெல்லாம் எதற்கு என்றால், அங்கே வேலை உறுதியானவர்களைக் கடைசி செமஸ்டரிலேயே அழைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே ப்ராஜெக்ட் செய்யட்டும். மிஞ்சும் கவலை ஆசிரியர்களைப் பற்றியது. ஆலையில் ஒருநாளும் வேலை பார்க்காத ஆசிரியர், ஆலையில் இருக்கும் மாணவரை எப்படி மதிப்பிடுவார்? அவரும் மாதம் ஒருமுறை அங்கே போய் ஷாப் ஃப்ளோரில் ஒரு நாள் நிற்க வேண்டும், அந்த நாளைக் கல்லூரி பணிநாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கலந்தாய்வுக்கு முன்னால் பெற்றோர் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். சாலையோர விளம்பரப் பலகைகளோ எல்லாக் கல்லூரிக்கும் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்கின்றன. தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அண்ணா பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே வெளியிடலாம்: இந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களில் எத்தனை பேர், பதிவுபெற்ற பழகுநர்களாக, எத்தனை மாதம் உதவித்தொகை வாங்கினார்கள்.