பல்லுக்கு ஒரு ஆஸ்பத்திரி, ரத்தத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியா?

ஈறில் ஒரு கட்டி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறோம். கிராம்பைக் கடித்துக் கொள்கிறோம். மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டு ஷிப்டுக்குப் போகிறோம். நாலு நாளில் அது அமுங்கும், அல்லது பழுத்து உடையும். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்வதில்லை.

ஆனால் ரத்தம் உறையாத நோய் உள்ள ஒருவன் வாயில் அதே கட்டி பட்டாணி அளவில் வந்தாலும் வீடே விழித்திருக்கிறது. ஹீமோபிலியா என்று அந்த நோய்க்குப் பெயர். காயம் பட்டால் ரத்தம் கட்டுவதற்கு நம் உடம்பில் பல பொருள்கள் வரிசையாக வேலை செய்கின்றன. ஆலையில் கார்டிங் மெஷின் நின்று போனால் ஸ்பின்னிங்கிற்குச் சரக்கு போகாதல்லவா? அதே கதைதான் இங்கும். 8-ம் எண் பொருள் குறைந்தால் ஒரு வகை நோய், 9-ம் எண் பொருள் குறைந்தால் இன்னொரு வகை. முதல் வகை ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருவது. என்றாலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்ததில்லை. ஆகவே, 'உன் வம்சத்துக் கோளாறு' என்று மருமகளை ஏசும் மாமியார்கள் கொஞ்சம் நாவடக்கம் காட்டுவது நல்லது.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியை நாம் ஏற்கவில்லை. கட்டி சொத்தைப் பல்லின் அடியில் பிடித்த சீழாக இருக்கலாம். முறுக்கையோ கரும்பையோ கடித்ததில் உள்ளே கசிந்து தேங்கிய ரத்தமாக இருக்கலாம். அல்லது பல்லில் காரை படிந்து ஈறு வீங்கியிருக்கலாம். பல் விளக்கினால் ரத்தம் வருகிறதே என்று விளக்குவதையே விட்டுவிடுவார்கள். அதனால் காரை ஏறும், ஈறு வீங்கும், இன்னும் அதிகமாக ரத்தம் வரும். எதுவாக இருந்தாலும் டாக்டர் பார்த்தால்தான் தெரியும். பார்த்து, கீறியோ பல்லைப் பிடுங்கியோ விட்டால், முன்கூட்டி மருந்து ஏற்றாதவனுக்கு நாள் கணக்கில் ரத்தம் கசிந்து கொண்டே இருக்கும். கீழ்த்தாடையின் உட்பக்கம் மரத்துப் போக ஊசி போடுகிறார்களே, அந்த ஊசி பட்ட இடத்தில் ரத்தம் உள்ளே இறங்கித் தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்தவும் கூடும். இதைத் தெரிந்தவன் பயப்படாமல் என்ன செய்வான்?

நமக்குத் தெரிந்த ஒரு நூற்பாலைத் தோழரின் மகனுக்கு, பதினாறு வயதுப் பையனுக்கு, இப்படித்தான் வந்தது. பக்கத்துத் தெருப் பல் டாக்டர் நோயின் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "ரத்த டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார். பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், "முதலில் பல் டாக்டர் பார்த்து என்ன செய்யப் போகிறார் என்று எழுதட்டும்" என்றார்கள். பல் பகுதிக்குப் போனால், "மருந்து ஏற்றிக் கொண்டு வா." மருந்து தருகிற இடத்தில், "எழுத்தில் உத்தரவு வேண்டும்." மூன்று நாள் இப்படி அலைந்தார்கள். தகப்பனுக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று, பையனுக்குக் கன்னம் பூசணிக்காயாக வீங்கிற்று. நான்காம் நாள் ஒரு டாக்டரம்மா இரண்டு பகுதிக்கும் தானே டெலிபோன் செய்து பேசினார். ஊசி மருந்து ஏறியது, பல்லுக்கு வைத்தியம் நடந்தது, ரத்தம் நிற்க வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பையன் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான்.

மருந்து அங்கேதான் இருந்தது. டாக்டர்களும் இருந்தார்கள். ஒரு டெலிபோன் பேச்சு நடக்க மூன்று நாள் ஆயிற்று!

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு ராஜாக்கள் வியாதி என்று பெயர். விக்டோரியா ராணியின் பெண் வழியில் இது ஸ்பெயின், ரஷ்ய அரண்மனைகளுக்குப் போயிற்று. ஜார் நிக்கலஸின் ஒரே மகன் அலெக்ஸிக்கு இதுதான். 1912-ல் போலந்தில் ஸ்பாலா என்ற வேட்டை மாளிகையில் அந்தச் சிறுவனுக்கு உள்ளுக்குள் ரத்தம் கட்டிச் சாகக் கிடந்தபோது, ரஷ்ய சாம்ராஜ்யத்தின் பெரிய டாக்டர்கள் கையைப் பிசைந்து கொண்டு நின்றார்கள். அன்று மருந்தே இல்லை. கஜானா நிறையப் பொன் இருந்தும் வாங்க முடியவில்லை.

பிறகு மருந்து வந்தது. 1964-ல் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருகவிட்டால் அடியில் தங்கும் படிவில் 8-ம் எண் பொருள் மிகுந்திருப்பதைக் காட்டினார். விஞ்ஞானம் கொடுத்ததை வியாபாரம் என்ன செய்தது? அமெரிக்கக் கம்பெனிகள் ஏழைகளிடமும் சிறைக் கைதிகளிடமும் காசு கொடுத்துப் பிளாஸ்மா வாங்கி, ஆயிரக்கணக்கானோர் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து மருந்து செய்தன. அந்த மருந்தோடு எய்ட்ஸும் கல்லீரல் நோயும் போயின. பிரிட்டனில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் கெட்ட ரத்தத்தாலும் ரத்த மருந்துகளாலும் நோய் பிடித்தார்கள், சுமார் 3,000 பேர் மாண்டார்கள் என்று 2024 மே மாதம் அங்கே விசாரணை அறிக்கை வெளிவந்தது. மனித ரத்தத்தை நம்பாமல் மருந்து செய்யும் முறை 1992-ல் புழக்கத்துக்கு வந்தது. நம் வேலூரிலேயே, கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 5 நோயாளிகளுக்கு ஜீன் சிகிச்சை செய்து, கவனித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தப்போக்கே ஏற்படவில்லை என்று 2024-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஜார் மகனுக்குக் கிடைக்காத மருந்து இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் ஈறுக் கட்டி பகல் பத்து மணி பார்த்து உடைவதில்லை. 8-ம் எண் மருந்தின் சக்தி உடம்பில் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஒரு ஊசியோடு முடியாது, மறுபடியும் வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நிற்கும் விவசாயத் தொழிலாளி எத்தனை தடவை ஜில்லாத் தலைநகருக்குப் பஸ் ஏறுவார்?

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நோய் வந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் நோய் அவருக்கே வந்திருக்க வேண்டும்! மகனைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த நாளுக்கு ஒரு காசும் வராது. காண்டிராக்ட் தொழிலாளி பலருக்குச் சீட்டே போடுவதில்லை. வயலில் கூலி வேலை செய்பவருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற பேச்சே கிடையாது. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கையோடு, சர்க்கார் வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு பெறுவோர் வரிசையில் இந்த மூன்றையும் விட்டுவிட்டது. மூட்டுக்குள் ரத்தம் கட்டிக் கால் மடங்கிப் போன பிறகுதான் இவர்கள் ஊனமுற்றோர் ஆவார்களா?

வீட்டில் இந்த நோயாளி உள்ள தோழர்கள் சில காரியங்களை இன்றே கவனிக்க வேண்டும். கட்டியை ஊசியால் குத்தாதீர்கள். சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் போகாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும், தொடவே கூடாது. இடுப்பில் போடும் ஊசியும் வேண்டாம், சதைக்குள் ரத்தம் கட்டும். மெதுவான பிரஷ்ஷால் தினம் பல் விளக்க வேண்டும். கரித்தூள், செங்கல் தூள் ஈறைக் கிழிக்கும். நோயின் வகையை எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். வலி இல்லாவிட்டாலும் கட்டி வந்த அன்றே மருந்து தருகிற ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். இன்னொன்று: வெற்றிலை புகையிலை போடுகிறவர் யாராக இருந்தாலும், ரத்த நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் வாயில் கட்டியோ புண்ணோ ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது புது மாளிகை அல்ல. தாலுக்கா ஆஸ்பத்திரிகளில் பல் டாக்டர் நாற்காலி பல இடங்களில் இருக்கிறது. இந்த மருந்தை வைக்கக் குளிர்ப்பெட்டியும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, இரவிலும் ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸை வைக்க வேண்டும். கூட வருகிறவரின் கூலிக்கு வழி செய்ய வேண்டும்.

மே 1-ந் தேதி கிராம சபை கூடும்போது இதைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். யூனியன் கமிட்டிகள் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரை நேரில் பார்த்து இரண்டே கேள்வி கேட்கட்டும்: 8-ம் எண் மருந்தும் 9-ம் எண் மருந்தும் இங்கே எத்தனை குப்பி இருக்கின்றன? ராத்திரியில் அந்தக் குளிர்ப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?