கடலுக்குப் போவது வீழ்ச்சியா?

சென்ற மாதம் வந்தாறுமூலைச் சந்தியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பழைய நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூத்த மகன் கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 2020 இல் பல்லாயிரம் பட்டதாரிகளுக்கு அரச நியமனம் வழங்கப்பட்டபோது அவனுக்கும் ஒன்று கிடைத்தது. இன்று ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறான். அந்தப் பதவியைத் துறந்து, ஆழ்கடலில் பாய்மரப் படகு செலுத்தக் கற்று, பின்னர் அதைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொள்ளப்போகிறானாம்.

"இவ்வளவு படிச்சுப்போட்டு தோணி வலிக்கப் போறானாம். ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க ஏலுமா? நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க அண்ணன்" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது தோணி வலிக்கும் வேலையன்று. அப்படியே இருந்தாலும் அதில் இழிவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். கரை மறைந்த கடலில் காற்றை மட்டும் நம்பிப் படகைச் செலுத்துவதும், புயல் வருமுன் பாயைச் சுருக்குவதும், முறைவைத்து இரவெல்லாம் விழித்திருப்பதும், கருவிகள் பழுதானால் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு கரை சேர்வதும் அக்கல்வியின் பாடங்கள். பிரித்தானியாவின் அரச படகோட்டச் சங்கம் வழங்கும் ஆழ்கடல் தலைவர் சான்றிதழுக்குப் பரீட்சை எழுதுவதானால், குறைந்தது 50 நாட்கள் கடலில் இருந்து 2500 கடல்மைல் ஓடியிருக்க வேண்டும். கற்பிப்பதற்கான தகுதி அதற்கும் அப்பால். எமது அலுவலகங்களில் எத்தனை நாற்காலிகளுக்கு இவ்வளவு கடினமான நுழைவாயில் இருக்கிறது?

இரண்டாவது, இது எமக்கு அந்நியமான வித்தையன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் கரை சேர்த்தனர். கப்பலின் பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்றாயிற்று. அட்லாண்டிக்கைப் பாய்விரித்துக் கடந்தவர்கள் எம்மவர். அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கப் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று எமது கற்றவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது?

மூன்றாவது உதாரணம் எனது தொழிலைச் சேர்ந்தது. அதனால் என்னைச் சுடுவது. பிரான்ஸ் ஜேர்மனியரின் பிடியில் இருந்தபோது பிலிப் வியனே என்ற இளைஞர் தோழர்களுடன் 1941 இல் ஓர் இரகசியப் பத்திரிகையைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் அதுவே 'பிரான்ஸ் சுவார்' நாளேடாயிற்று. 1946 இல் பத்திரிகையாளர் பயிற்சி நிலையம் ஒன்றை உருவாக்குவதிலும் அவர் பங்கேற்றார். அத்துடன் அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1947 இல் அவரும் மனைவி ஹெலன் வியனேயும், போரில் உடலும் உள்ளமும் நொந்த இளைஞர்களைப் பிரித்தானித் தீபகற்பத்துக்கு அப்பாலுள்ள கிளெனான் தீவுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். ஓய்வுக்காகத் தொடங்கிய அந்த முகாமே பின்னர் ஐரோப்பாவின் மிகப் பெரிய பாய்மரப் பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. வியனே எழுத்துலகை முற்றாகத் துறந்தவரல்லர். ஆனால் போர் முடிந்த நாட்டில் இளைஞனுக்கு நாற்காலி மட்டும் போதாது, கடலும் வேண்டும் என்று கண்டவர்.

எமது நிலத்தை எண்ணிப் பாருங்கள். 1990 இல் இந்தப் பல்கலைக்கழக வளாகமே அகதிமுகாமாக இருந்தது. போர் ஓய்ந்ததும் நொந்த இளைஞர்களுக்கு நாம் காட்டிய ஒரே வாசல் அரச உத்தியோகம். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை மறந்துவிட முடியாது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. நானும் அவர்கள் பக்கமே நின்றேன். ஆனால் அந்த ஒரு வாசலைத் தவிர வேறொன்று அவர்கள் கண்ணில் படாமல் வளர்த்த குற்றம் எம்முடையது. ஊருக்குக் கிழக்கே களுவன்கேணிக் கடல். ஏறாவூர்ப்பற்றிலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றருக்கு நீளும் வாவி, படகு பழகுபவனுக்கு இயற்கை கட்டிக்கொடுத்த வகுப்பறை. கச்சான் வீசும் மாதங்களில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் எமது கரையோரம் அலையடங்கிக் கிடக்கும்.

ஆழிப்பேரலையைச் சொல்வார்கள். 2004 மார்கழியில் நாவலடி அழிந்ததைக் கண்டவன் நான். அந்த அச்சத்தைக் கேலி செய்யமாட்டேன். கடலை அறியாதிருப்பது அதிலிருந்து எவரையும் காக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

ஓய்வூதியத்தைச் சொல்வார்கள். 2022 இல் ரூபாய் சரிந்து மாதச் சம்பளம் கரைந்தபோது, இதே அரசு தன் ஊழியர்களைப் பார்த்து, ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்றது. நாற்காலியின் பாதுகாப்பு அவ்வளவுதான். கட்டார் சென்று பாரம் சுமந்தால் ஊர் மெச்சுகிறது. கடலில் கற்பித்தால் ஊர் சிரிக்கிறது.

சிரிப்பின் காரணம் பொருளாதாரமன்று, சாதி. கடலுக்குப் போகிறவனைக் கீழே வைத்துப் பார்க்கும் கண்தான் "தோணி வலிக்க" என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு மேசையில் மீன்குழம்பையும் வைத்துக்கொள்கிறோம்.

நானும் முப்பது வருடங்களுக்கு மேலாக மேசையில் இருந்து கடலைப் பற்றி எழுதியவன். பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பற்றி எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். அந்த வெளிச்சம் கடலிலிருந்து எப்படித் தெரியும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நண்பரின் மகன் மறுநாள் வீட்டுக்கு வந்தான். "என்ன மாமா, அப்பா ஏசினவரா?" என்று கேட்டான். கடன் இருந்தால் முதலில் தீர், முடிந்தால் விடுமுறை கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் விலகு என்றேன். விலகற் கடிதத்தின் நகலைக் கொண்டுவந்திருந்தான். அதில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன்.