கணக்குப் படித்த பிள்ளைக்குக் குளக்கட்டில் ஒரு மாதம்

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு நாம் இங்கு சொல்லப்போவது புதிதாக இராது. மண்டபத்தின் முன்வரிசையில் உத்தியோகத்தர்கள். அவர்களுக்குப் பின்னால் வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புக்களின் தலைவர்மாரும். அதற்கும் பின்னால், சுவரோடு ஒட்டியபடி, நாம். குளத்தில் இத்தனை ஏக்கர் அடி நீர் உண்டு, ஆகவே சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர்தான் என்று ஒருவர் வாசிக்கிறார். யாரோ எழுந்து கூடுதலாகக் கேட்கிறார். கொஞ்சம் சத்தம். பிறகு வாசித்த கணக்கே நிலைக்கிறது. வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர்கள், அவர்களுள் பிந்திக் குடியேறியவர்கள் பலர், இந்த வருடம் சிறுபோகம் இல்லை என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள்.

அந்தக் கணக்கு அப்படியொன்றும் தேவரகசியம் அல்ல. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஒரு ஏக்கர் அடி. கணக்குக்காக, குளத்தில் 20,000 ஏக்கர் அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் வேளாண்மைக்குப் போகம் முடியும்வரை குளத்திலிருந்து 5 ஏக்கர் அடி திறக்கவேண்டும் என்று பிடித்தால் 4,000 ஏக்கர் செய்யலாம். 4 ஏக்கர் அடி போதும் என்றால் 5,000 ஏக்கர் செய்யலாம். இடையிலுள்ள அந்த ஒரு அடி எங்கே போகிறது? வாய்க்கால் கசிவில், உடைந்த மதகில், உழவைப் பிந்தித் தொடங்கியதில், இரவில் பார்ப்பாரின்றி வழிந்து ஆற்றில் விழுவதில். அந்த ஒரு அடியில்தான் ஆயிரம் ஏக்கர்க்காரரின் சோறு கிடக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். 1,200 ஏக்கர் பரப்பில் நீர் விரிந்து நிற்கும் குளம் வெயிலால் ஒரு அங்குலம் இறங்கினால் 100 ஏக்கர் அடி போயிற்று. முதலில் பிடித்த கணக்குப்படி அது இருபது ஏக்கர் வேளாண்மைக்கான நீர். "ஐயா, இந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது" என்று எழுந்து சொல்ல எமது வரிசையில் ஒரு ஆள் இருந்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி நடக்கும்.

அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளைகள் எம்மிடம் இல்லாமலில்லை. படுவான்கரையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படியிருந்தும் வாவியைக் கடந்து நகரத்துக்கு வந்தும், உறவினர் வீடுகளில் நின்றும் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவர்களுடைய மூத்தவர்கள் பாதையில் ஏறித் துறை கடந்து வந்தார்கள். எமது மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியிடம், பொறியியலாளராக விரும்புகிறாயே, பொறியியலாளர் ஒருவரைக் கண்டிருக்கிறாயா என்று கேட்டோம். "ஒருவரைக் கண்டிருக்கிறேன், ஜீப்புக்குள்" என்றாள். சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. அவளுடைய புத்தகத்தில் ஓடும் நீருக்குச் சமன்பாடு இருக்கிறது. அவளுடைய தகப்பன் முப்பது வருடமாக மதகு திறந்து மூடியவர். இரண்டும் ஒரே காரியம் என்று அந்த வீட்டில் யாரும் இதுவரை பேசியதில்லை.

கணிதப்பிரிவில் பரீட்சை எழுதிய இன்னொரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோனார். இன்று மண் லொறியில் கியூப் கணக்கு எழுதுகிறார். நீளம், அகலம், உயரம் பெருக்கி நூறால் பிரிப்பது. அந்த வேலையை நாம் குறைவாகச் சொல்லவில்லை, அதுவும் உழைப்புத்தான். ஆனால் பதின்மூன்று வருடப் படிப்பில் நில அளவையாளர், தொழினுட்ப உத்தியோகத்தர், ஆய்வுகூட உதவியாளர், வானிலை அவதானிப்பாளர் என்று வேறு எத்தனையோ வாசல்கள் உண்டென்பதை அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. பொறியியல் பீடம் என்ற ஒரே வாசலைத்தான் காட்டினோம். அது பூட்டியபோது வீடு முழுவதும் பூட்டியதாக அவர் எண்ணிக்கொண்டார். தப்பு அவருடையதல்ல.

ஆகவே எமது கருத்து இதுதான். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றும், அந்தப் படிப்பைக் கொண்டு உழைக்கிற ஒருவரின் பக்கத்தில் குறைந்தது ஒரு மாதம் நிற்கவேண்டும். வேலைத்தளப் பயிற்சி என்று சொல்கிறார்களே, அதுதான். நேரமும் உண்டு. பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்காகிறது. தெரிவானவரைப் பல்கலைக்கழகம் அழைக்க அதற்கு மேலும் காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் எமது பிள்ளைகள் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கிறார்கள், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடப் பிரிவில் சேருகிற பிள்ளைக்கு வேலைத்தளப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவருக்கும் அங்கே இடமுண்டு. அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரர் என்று நாம் தோளில் தட்டிக் கணிதப்பிரிவுக்கு அனுப்பிய பிள்ளைக்கு அப்படியொன்று இல்லை. அவருக்கு ரியூசன் மட்டுமே. சுவிஸ், ஜேர்மனி நாடுகளில் வாழும் எமது உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பதினான்கு, பதினைந்து வயதிலேயே பாடசாலைப் பிள்ளைகள் சில நாட்களோ சில வாரங்களோ ஒரு வேலைத்தளத்தில் நின்று பார்த்து வருகிறார்கள். மருந்துக்கடையிலோ இயந்திரப் பட்டறையிலோ பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனால் அடுத்த முறை புத்தகத்தைத் திறக்கும்போது அதில் ஒரு மனிதரின் முகம் தெரிகிறது.

எமது வாவிக்கரைக்கும் இது அந்நியமான யோசனை அல்ல. 1892இல் காரைதீவில் பிறந்து மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த விபுலானந்த அடிகளைத் தமிழறிஞராகவே நினைவுகூருகிறோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, பின்னர் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதை விழா மேடைகளில் பெரிதாகச் சொல்வதில்லை. 1947இல் வெளிவந்த யாழ்நூல், பழைய யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த நூல். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான லாங் அடிகளார், பாடும் மீன் பாடுகிறதா என்று வாதாடிக்கொண்டிராமல் ஒலிவாங்கியை வாவிக்குள் இறக்கிப் பதிவு செய்தார். பார்த்து, அளந்து, எழுதிவைப்பது இந்த மண்ணில் நடந்த காரியமே.

யூஜின் ஹேபர்ட் அடிகளாரையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லூயிசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்தவர். மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கியவர். பின்னாளில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பழகும் வழியைத் திறந்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் உடன் வந்த இளைஞரும் வந்து சேரவில்லை.

அதே வருடத்தை எழுதும்போது வந்தாறுமூலை நினைவுக்கு வராமலிராது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் அது. எம்மில் பலருக்கோ அது முதலில் அகதிமுகாம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவில்லை. பிள்ளையை அந்த வாசலால் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள் என்று ஒரு தாயிடம் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்று எமக்குத் தெரியும். பின்னாளிலும், வளர்ந்த பிள்ளையை வீட்டுக்கு வெளியே விட அஞ்சிய வருடங்கள் எத்தனை! அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எமக்கு உடன்பாடு இல்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. அதனால்தான் பிள்ளையைத் தனியே அனுப்பச் சொல்லவில்லை. இருவர் இருவராக, தெரிந்த ஒருவரின் பொறுப்பில், மாலை பஸ்ஸுக்கு வீடு திரும்பும்படியாக அனுப்பச் சொல்கிறோம்.

எங்கே அனுப்புவது? தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. கரடியனாற்றில் விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டு. விதைநெல் மூட்டையில் பீ.ஜீ. என்றிருப்பது பத்தலகொடையையும் ஏ.ரி. என்றிருப்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 94-1 என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்லும் நெல், பத்தலகொடையில் யாரோ பூவைப் பிரித்து, மகரந்தம் தூவி, வருடக்கணக்காகத் தெரிந்தெடுத்தது. அந்த வேலையை ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தால், கபிலநிறத் தத்தி விழுந்த வயலுக்கு எண்ணெய் அடிக்குமுன் தூரைப் பிரித்துப் பூச்சியை எண்ணிப் பார்க்கத் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுக்கும். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரிக்கும் வவுணதீவு நிலையம் இருக்கிறது. போதனா வைத்தியசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறது. நகரத்தில் வானிலை அவதான நிலையம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் எமக்கு ஆசையான இடம் ஆற்றுவாய். மாரியில் வாவி பெருகி வயல்கள் தாழும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடு என்று விவசாயி கேட்கிறார். வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறு என்று மீனவர் கேட்கிறார். பிந்தினால் கதிர் அழுகும், முந்தினால் வலை வெறுமை. வெட்டிய பிறகு கடல்நீர் ஏறி உப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது இன்னொரு வழக்கு. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது விளையாட்டுக் காரியமல்ல. நாம் நினைப்பது இதுதான்: வாவிக்கரையில் பத்து இடங்களில் அடையாளக் கோல் நட்டு, நாளும் காலையில் நீர்மட்டத்தையும் வாரத்துக்கொருமுறை உப்பையும் மாணவர்கள் எழுதிவரட்டும். கோல் ஒன்று, உப்புமானி ஒன்று, கொப்பி ஒன்று. இரண்டு மாரி எழுதினால், எந்த மட்டத்தில் எந்த வட்டை தாழ்கிறது என்று காட்டும் தாள் ஒன்று எம் கையில் இருக்கும். தோணிக்காரரும் வயல்காரரும் ஒரே தாளைப் பார்த்து வாதாடுவது இப்போதைய வாதத்தை விட எவ்வளவோ மேல். உத்தியோகத்தருக்கும் அது உதவும், அவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்களானால்.

அலுவலகங்கள் சொல்லக்கூடிய காரணங்களை அறிவோம். சுற்றறிக்கை இல்லை. விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு அலுவலகத்தில் பிள்ளைகள் இருவரை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று வாரமும் தேநீர் வாங்கிவரவும் தாள் பிரதியெடுக்கவும் வைத்து அனுப்பினார்கள். அப்படியானால் வேண்டாம். பொறுப்பாக ஒரு உத்தியோகத்தர், பிள்ளைக்கென்று முடித்துக் கையளிக்க ஒரு வேலை, இவை இரண்டும் இல்லாத இடத்துக்கு அனுப்புவதில் பயனில்லை. ஏற்பாடு செய்ய முடியாது என்பதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை ஆயிரக்கணக்கில் இராணுவ முகாம்களுக்கு அழைத்து மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்க இந்த நாட்டால் முடிந்தது. பஸ்ஸும் கிடைத்தது, சோறும் கிடைத்தது, சுற்றறிக்கையும் கிடைத்தது.

எமது பக்கத்துத் தடையையும் ஒளிக்கக்கூடாது. பரீட்சை முடிந்த பிள்ளை வீட்டில் ஒரு கூலி. அவர் ஒரு மாதம் சம்பளமில்லாமல் போய் நின்றால் அந்த மாதம் கடைக்கொப்பி நீளும். அதிலும் அறுவடைக் காலமென்றால் கேட்கவே வேண்டாம். அடகுவைத்த காணியை மீட்கப் பாடுபடுகிற குடும்பத்திடம் "இது எதிர்காலத்துக்கு" என்று உபதேசித்தால் அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் நாட்கூலியில் ஒரு பங்கும் கொடுக்காமல் இதைத் தொடங்கக்கூடாது என்பது எமது உறுதியான எண்ணம். பங்குகளில் பெருவிழாவுக்குச் செலவாகும் வெடியையும் ஒலிபெருக்கியையும் ஒரு வருடம் குறைத்தாலே சில பிள்ளைகளுக்குப் போதும். தாலந்து உவமையை ஞாயிறுகளில் வாசிக்கும்போது பிள்ளைகளைப் பார்த்தே பிரசங்கம் செய்கிறோம். மண்ணில் புதைத்தவர்களின் வரிசையில் பங்குச் சபைகளான நாமும் நிற்கிறோமோ என்று எமக்கு ஐயமுண்டு.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். எமது மாலை வகுப்பில் கணக்கில் முன்னிற்பவர்கள் அவர்கள். பரீட்சை முடிந்ததும் முதலில் வீட்டோடு நிற்பவர்களும் அவர்களே. நகரத்தில் வீடுள்ள குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முன்வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இடம்பெயர்ந்த நாட்களில் ஒரு அறையில் மூன்று குடும்பம் இருந்தோமே. இப்போது ஒரு பாய்க்கு இடமில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

முதல் முயற்சியாக, இந்த மாரிக்கு ஆறு பிள்ளைகளை நாம் தெரிவு செய்யப்போகிறோம். இருவர் விதை ஆராய்ச்சிக்கு, இருவர் குளத்து மதகுக்கு, இருவர் ஆற்றுவாய்க்கு. அனுமதிக் கடிதங்களை எழுதத் தொடங்கிவிட்டோம். பெற்றோர் பிள்ளையின் பெயரையும், போகத்தில் எந்தெந்த வாரம் அவர் இல்லாமல் சமாளிக்கமுடியும் என்பதையும் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுக்கவும். முப்பது வருடம் மதகு திறந்து மூடிய அந்தத் தகப்பனிடமும் கேட்டிருக்கிறோம், முதல் நாள் பிள்ளைகளோடு குளக்கட்டுக்கு வந்து நிற்கும்படி. அறுவடை முடியட்டும், வருகிறேன் என்றார்.