கைவிளையாட்டுக் கருவியும் மின்கலமும்

நிண்டெண்டோ நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட ‘ஸ்விட்ச் 2’ பற்றிய வாதம் பெரும்பாலும் திரையைப் பற்றியதாகவே இருக்கின்றது. 2021-ஆம் ஆண்டு வகையில் ஓஎல்இடி திரை இருந்தது. இதிலோ மீண்டும் எல்சிடி. குறை உண்மையே. எனினும், ஆராயத்தக்கது மின்கலமே என்பது எம் கருத்து.

2017-இல் வந்த முதற்கருவியின் மின்கலம் 4310 மில்லி ஆம்பியர்-மணி, புதியதில் 5220. ஆயினும், குறைந்த அளவாக நிறுவனம் குறிப்பிடும் நேரம் இரண்டரை மணியிலிருந்து இரண்டு மணியாகச் சுருங்கியுள்ளது. ஆற்றல் மிகுந்த செயலியும், 7.9 அங்குல அகலத்திரையும் கூடுதல் மின்சாரத்தை விழுங்கிவிடுகின்றன. 2019-இல் திருத்தி வெளியிட்ட வகையோ அதே 4310 மின்கலத்தைக் கொண்டு நான்கரை மணிக்குக் குறையாது இயங்குமென்றனர். சிக்கனமான செயலியே காரணம். (கொள்ளளவு வேறு, நுகர்வு வேறு என்று விளக்க ஆசிரியர்க்கு ஏற்ற சான்று.) இவ்வகையை வைத்திருப்போர், புதிய கருவிக்கென்றே வரும் விளையாட்டுகளை விரும்பினாலன்றி, இப்பொழுதே மாற்ற வேண்டுவதில்லை.