வரைபடத்தில் இருக்கிறது, வழியில் இல்லை: பயணத்துக்கு எந்த இணையம்?

கிரிக்கைத் தாண்டி ஜெலி நோக்கிச் செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் வேன் மேட்டில் ஏறத் தொடங்கியதும், பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள்தான் முதலில் சொல்வார்கள்: “லைன் போச்சு!” பாட்டு நின்றுவிடும். வழிகாட்டும் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். 1982-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை சுமார் 120 கிலோமீட்டர் நீளம். பெலும் காட்டையும் தெமெங்கோர் ஏரியையும் ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில் கைப்பேசிக்கு அலைவரிசை சீராகக் கிடைக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பள்ளி விடுமுறையில் மோட்டார்ஹோம் அல்லது கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து, அடுப்பு மெத்தையோடு குடும்பமாகக் கிளம்புவது இப்போது நம்மவர்களிடமும் பரவி வருகிறது. அவ்வளவு செலவு செய்யாதவர்கள் சொந்த வேனிலேயே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். புறப்படும் முன் சிம் அட்டைக் கடையில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாதம் எத்தனை ஜிபி? ஆனால் அலைவரிசையே இல்லாத இடத்தில் 100 ஜிபி இருந்தாலும் ஒன்றுதான், ஒரு ஜிபி இருந்தாலும் ஒன்றுதான். போகிற வழியில் யாருடைய கோபுரம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இங்கேதான் விளம்பரங்களில் வரும் விழுக்காட்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. 5ஜி சேவை 2023 இறுதியில் 80 விழுக்காட்டை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டுமே மக்கள் வசிக்கும் பகுதிகளை வைத்துப் போடப்பட்ட கணக்கு. நாட்டின் நிலப்பரப்பையோ சாலைகளின் நீளத்தையோ அது அளப்பதில்லை. காட்டுச் சாலையில் யாரும் குடியிருப்பதில்லை என்பதால், அங்கே அலைவரிசை இல்லாமல் போனாலும் அந்த விழுக்காடு குறையாது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். லயத்தில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்கள். ஒரு கோபுரத்துக்கு எத்தனை வாடிக்கையாளர் கிடைப்பார்கள் என்று கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கு அந்த எண்ணிக்கை போதவில்லை. ஆண்டுக்கொரு முறை பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து வேன் வேனாக வந்து இறங்குபவர்கள், படம் அனுப்ப முடியாமல் பெரிய சாலை வரை நடந்து போவதும் இதனால்தான்.

ஆகவே பயணத்துக்கு ஒரே சிம்மில் பெரிய திட்டம் எடுப்பதைவிட, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிறிய திட்டங்கள் கூடுதலாகப் பயன்படும். ஒன்று பின்கட்டணமாக இருக்கலாம்; மற்றது விடுமுறை வாரத்துக்கு மட்டும் பணம் போட்டுக்கொள்ளும் முன்கட்டண சிம்மாக இருந்தால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு ஒரு செல்கோம், ஒரு டிஜி என்று வைத்திருந்தவர்களுக்கு அவை இரண்டு தனித்தனிக் கட்டமைப்புகளாக இருந்தன. 2022 இறுதியில் இரு நிறுவனங்களும் இணைந்துவிட்டதால் இன்று அவை ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் போலத்தான். ரெட்ஒன், டியூன் டாக் போன்றவை சொந்தக் கோபுரம் வைத்திருப்பவை அல்ல. பெரிய நிறுவனத்தின் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்துச் சேவை தருபவை. அட்டையில் இருக்கும் பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கட்டமைப்பு என்று கேட்டு, செல்கோம்டிஜி, மேக்சிஸ், யூ மொபைல் ஆகியவற்றில் இரண்டைத் தேர்ந்துகொள்வது நல்லது.

‘அளவில்லா இணையம்’ என்ற விளம்பரத்தையும் ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். பல திட்டங்களில் கைப்பேசியில் பார்ப்பதற்குத்தான் அளவில்லை; ஹாட்ஸ்பாட் வழியாக மற்றக் கருவிகளுக்குப் பகிர்வதற்குத் தனி வரம்பு உண்டு. வேனில் நான்கு பேர் ஒரே கைப்பேசியை நம்பியிருந்தால் மூன்றாம் நாளே அது தெரிந்துவிடும். மோட்டார்ஹோமின் உலோகச் சுவரும் அலைவரிசையைத் தடுக்கும். கருவியைச் சன்னலோரம் வைப்பதற்குச் செலவில்லை; கூரையில் ஆன்டெனா பொருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

வானத்திலிருந்து வரும் இணையம் என்று ஸ்டார்லிங்கைப் பலர் விசாரிக்கிறார்கள். 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தபோது வீட்டுச் சேவைக்கு மாதம் 220 ரிங்கிட், கருவிக்கு 2,300 ரிங்கிட் என்று விலை வைத்தார்கள். விடுமுறைக்கு இரண்டு முறை வெளியே போகும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. மாதக்கணக்கில் வண்டியிலேயே இருந்து வேலை பார்ப்பவருக்கு யோசிக்கத் தக்கது. அதற்கும் தட்டுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். செம்பனை ஓலைக்கு அடியில் வண்டியை நிறுத்தினால் தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும். மின்சாரமும் வண்டி பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும்.

படம் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2025 ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அதே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணம் அலைவரிசை அல்ல. ஆனால் அப்படிப்பட்ட ஒரு சாலையில் உதவிக்கு அழைக்க முடியுமா என்ற கேள்வி, எத்தனை ஜிபி என்பதைவிடப் பெரியது. தன் நிறுவனத்தின் அலைவரிசை இல்லாத இடத்தில் 112-ஐ அழைத்தால், அங்கே கிடைக்கும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் இல்லாவிட்டால் அதுவும் போகாது. 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டதால், தாத்தா பாட்டி கையில் இருக்கும் பழைய கைப்பேசி 4ஜி வழியாக அழைக்கக்கூடியதா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் போனாலும் வழி தெரியும்.

இரண்டாவது 5ஜி கட்டமைப்பை அமைக்க 2024 நவம்பரில் யூ மொபைல் தேர்வு செய்யப்பட்டது. போட்டி வந்தால் சேவை கூடும் என்பது எதிர்பார்ப்பு. நகரத்தில் கூடும், அதில் சந்தேகமில்லை. 5ஜி-யின் வேகத்துக்குப் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிக தூரம் போகாது. மலையும் மரமும் நிறைந்த இடத்துக்கு அதை மட்டும் வைத்து ஈடுகொடுக்க முடியாது. வசிப்பவர் எண்ணிக்கையை வைத்தே இலக்கு குறிக்கப்படும் வரை, இரண்டாவது கட்டமைப்பும் முதலாவது போன இடத்துக்கே முதலில் போகும்.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம். எந்த இடம், எந்த நிறுவனம், எந்த நேரம் என்று குறிப்பாக எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும். திருவிழாவுக்குப் போகும் வழியில் அலைவரிசை அறுந்த மைல்கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் எழுதி அனுப்பலாம். அங்கே நின்றுகொண்டு அனுப்ப முடியாதே!